நம்ம ஊர் பாதாளச் சாக்கடையை ஆளுகிறது யார்?

பாளை_சங்கரன் கேட்டது:

தங்கச்சி மகன் சிகாகோவில் இருக்கிறான், குடியுரிமையும் வாங்கியாச்சு. போன ஜனாதிபதித் தேர்தலின் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். ஜனாதிபதி, நீதிபதி என்று நீளமாகப் போகிற பட்டியலின் நடுவே கழிவுநீர் வாரியத்துக்கும் வேட்பாளர்கள் நிற்கிறார்கள்! மொத்தம் ஒன்பது ஆணையர்கள், ஆறு வருஷப் பதவி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். கட்சிப் பெயர் போட்டு சாக்கடைக்குத் தேர்தல்.

"மாமா, திருநெல்வேலியில இந்த வேலைக்கு யாரு?" என்று கேட்டான். கவுன்சிலர் என்றேன். அப்புறம் கமிஷனர் என்றேன். கடைசியில் குடிநீர் வடிகால் வாரியம் என்றேன். மூன்று பதில் சொன்னால் ஒன்றும் தெரியாது என்றுதானே அர்த்தம்.

மேன்ஹோல் பொங்கினால் யாருக்குப் போன் போடுவது என்று கேட்கவில்லை, அது தெரியும். எந்தப் பகுதிக்கு முதலில் குழாய், வீட்டு இணைப்புக்கு எவ்வளவு டெபாசிட், சுத்திகரித்த தண்ணீர் எங்கே போகும், இதையெல்லாம் உட்கார்ந்து முடிவு செய்கிற ஆட்கள் யார்? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

டவுண்_மணி:

கவுன்சிலர்தான் அண்ணாச்சி, வேற யாரு. 55 வார்டுக்கு 55 பேரை நாமதானே ஓட்டுப் போட்டு அனுப்பினோம்.

ஓய்வு_வரைவாளர்:

சர்வீஸ் முழுக்க சாக்கடை வரைபடம் போட்டவன் நான். எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுங்கள். மணி தம்பி சொல்வது பாதி சரி.

சென்னைக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு, 1978-ல் வந்தது. அங்கே குடிநீரும் கழிவுநீரும் ஒரே வாரியத்தின் கையில், தலைவர் துறை அமைச்சர். நமக்கு அப்படி இல்லை. 1971-ல் வந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் திட்டம் போடும், குழாய் பதிக்கும், உந்து நிலையம் (பம்பிங் ஸ்டேஷன்) கட்டும், கட்டி முடித்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும். அன்றிலிருந்து பராமரிப்பு, மின்கட்டணம், அடைப்பு எடுப்பது எல்லாம் மாநகராட்சித் தலையில். வாரியத்தின் நிர்வாக இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அலுவலகம் சேப்பாக்கத்தில். அங்கே நம் ஓட்டுக்கு வேலை இல்லை.

மாநகராட்சிக்குள் வாருங்கள். டெபாசிட்டும் மாதக் கட்டணமும் மாமன்றத்தில் தீர்மானமாக வரவேண்டும். பணிகள் குழு, வரிவிதிப்பு நிதிக் குழு என்று குழுக்கள் இருக்கின்றன, உறுப்பினர்கள் கவுன்சிலர்கள்தான். ஆனால் பெரிய பணம் எங்கிருந்து வருகிறது? மத்திய அரசின் அம்ருத் நகரத் திட்டம், மாநில அரசு, அதற்கு மேல் கடன். நிர்வாக அனுமதி அரசாணையாகச் சென்னையில் இருந்து வரும். கையெழுத்து கமிஷனருடையது. 2024-ல் இங்கே பார்த்தோமே, ஜூலையில் மேயர் ராஜினாமா, ஆகஸ்டில் கவுன்சிலர்கள் கூடி வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மேயரைக் கொண்டுவருவது கவுன்சிலர்கள் கையில். கமிஷனரை வைப்பதும் மாற்றுவதும் கோட்டை.

இன்னொன்றை எல்லாரும் மறந்துவிடுகிறோம். 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நம் ஊர் சேர்ந்தது 2017-ல். இத்தனை தெருவைத் தோண்டிய காலத்தில் கேள்வி கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை.

வரைவாளர் புத்தியில் ஒன்று சொல்கிறேன். குழாய் வார்டு எல்லையைப் பார்த்து ஓடாது, சரிவைப் பார்த்து ஓடும். மேட்டுத் தெருக் கவுன்சிலர் இணைப்பு வாங்கிக் கொடுத்துப் பெயர் வாங்குவார். உந்து நிலையத்து நாற்றமும் கரண்டு போன அன்றைக்குப் பொங்கும் மேன்ஹோலும் தாழ்ந்த தெருக் கவுன்சிலருக்கு. மாமன்றத்தில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கடைசியில் எல்லாம் இராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். போகாதது வாய்க்கால் வழியாகத் தாமிரபரணி ஆற்றுக்குப் போகும்.

பாளை_சங்கரன்:

அப்படியானால் சிகாகோ முறைதான் நல்லது என்கிறீர்களா? இதற்கென்றே தேர்தல், இதற்கென்றே ஆட்கள்?

வைகுண்டத்து_மருமகள்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும் அண்ணாச்சி. பிறந்தது பேட்டை, வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவைகுண்டம். நீங்கள் எல்லாரும் கவுன்சிலரா கமிஷனரா என்று பேசுகிறீர்கள். உங்கள் ஊரைத் தாண்டி வருகிற தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். தூத்துக்குடிக்காரர்களுக்கும் வல்லநாட்டில் இருந்து இதே ஆற்றுத் தண்ணீர்தான். 1986-ல் மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள், ஆற்றைப் பிரிக்க முடியுமா? உங்கள் மாமன்றத்தில் எங்களுக்கு ஒரு நாற்காலி உண்டா? சித்தி வீட்டுக்கு கொக்கிரகுளம் வரும்போதெல்லாம் பாலத்தில் நின்று கீழே பார்ப்பேன். அந்தத் தண்ணீர் நாளைக்கு எங்கள் பக்கம் வரும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

ஓய்வு_வரைவாளர்:

தங்கச்சி கேட்டதுதான் கேள்வி. சங்கரன் அண்ணாச்சிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

சிகாகோ வாரியம் தொடங்கியது 1889-ல். ஊர்ச் சாக்கடை ஆறு வழியாக மிச்சிகன் ஏரியில் கலந்தது, குடிநீரும் அதே ஏரியில் இருந்துதான். அதனால் பெரிய கால்வாய் வெட்டி, 1900-ல் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள். கெட்டிக்கார வேலை. ஆனால் அந்தச் சாக்கடை மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் போனது. கீழே செயின்ட் லூயிஸ் நகரம் குடிப்பது மிசிசிப்பித் தண்ணீர். அந்த நகரம் இருக்கிற மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய், போதிய ஆதாரம் இல்லை என்று 1906-ல் தோற்றது. வாரியத்தில் இருந்தவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான். தேர்ந்தெடுத்த மக்கள் மேலே இருந்தார்கள், அவ்வளவுதான்.

கீழே இருப்பவருக்கு நம் ஊரில் மிச்சம் இருப்பது இரண்டு கதவு. ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974 தண்ணீர்ச் சட்டப்படி, அதன் இசைவாணை இல்லாமல் எந்த உள்ளாட்சியும் கழிவுநீரை ஆற்றில் விடக்கூடாது. அதற்கு மாவட்ட எல்லை பொருட்டில்லை, ஆனால் அங்கேயும் உறுப்பினர்களை நியமிப்பது அரசுதான். இன்னொன்று நீதிமன்றம். தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இரண்டு பேர் ஆற்றங்கரைக்கே வந்து பார்த்தார்கள். நீதிபதி வந்து பார்க்க வேண்டிய இடத்தில் மேலூர்க் கவுன்சிலரும் கீழூர்க் கவுன்சிலரும் சேர்ந்து நின்றிருக்க வேண்டும். அப்படி ஒரு அவை சட்டத்தில் இல்லை. என்னைக் கேட்டால், தனித் தேர்தலைவிட அதுதான் முதலில் வேண்டும். பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஆற்றங்கரை ஊர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு இடம்.

டவுண்_மணி:

இத்தனை பேரைக் கூட்டினா டீக்கும் வடைக்குமே நிதி ஒதுக்கணும் அண்ணாச்சி.

ஓய்வு_வரைவாளர்:

ஒதுக்கட்டும்வே, நல்ல செலவுதான். சங்கரன் அண்ணாச்சி, உங்கள் வார்டில் பகுதி சபை, அதாவது வார்டு மக்கள் கூட்டம், கூடுகிறதா? 2022 உள்ளாட்சி தினம், நவம்பர் 1-ல் தொடங்கியது. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இராமையன்பட்டியில் இருந்து வெளியே வரும் தண்ணீரின் சோதனை முடிவு மாதாமாதம் மாமன்றத்தில் வைக்கப்படுகிறதா? இல்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத நான் உதவுகிறேன்.

வைகுண்டத்து_மருமகள்:

முடிவு கிடைத்தால் இங்கேயே போடுங்கள் அண்ணாச்சி. எங்கள் பேரூராட்சி உறுப்பினரிடம் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.