பித்தநாளமா, பித்தக்கானா? கொலஞ்சைட்டிஸுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாள் மழை. இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹட்டன் பக்கம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் இந்த இழைக்குப் பிந்தி வருகிறேன். ஈரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் வெந்து வீங்கும் நோய்தான் கொலஞ்சைட்டிஸ். அதற்குத் தமிழில் என்ன சொல் போடலாம், அந்தக் குழாயை நாளம் என்பதா கான் என்பதா என்பதுதான் கேள்வி. எல்லா மடல்களையும் ஒரே மூச்சில் படித்தேன்.

> பித்தநாள அழற்சி என்றே வைத்துக்கொள்வோம். தமிழகப் பாடநூல்களில் நாளம் ஊன்றிவிட்டது.

சென்னை ஐயா சொல்வது சரிதான், நாளமில்லாச் சுரப்பி என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. ஆனால் நான் மொழிபெயர்ப்பது தேயிலைத் தோட்டத்து மக்களுக்கான, இந்த நோய் பற்றிய துண்டுப்பிரசுரம். இங்கே நாளம் என்றால் இரத்தநாளம்தான் ஞாபகம் வரும், சிலருக்கு நரம்பு. எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் சிறுநீர்க்கான், பித்தக்கான் என்றுதான் படித்தோம். ஆகவே என் ஓட்டு பித்தக்கான் அழற்சிக்கு.

> கான் என்றால் சாக்கடை ஆயிற்றே அண்ணா? நோயாளி முகம் சுளிக்க மாட்டாரா?

கிளிநொச்சித் தம்பி, டவுனில் இருப்பவருக்கு அது சாக்கடைதான். தோட்டத்தில் அப்படியில்லை. தேயிலை நிரைகளுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காக வெட்டுவதுதான் கான். மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் மெதுவாக வடிவதற்கு. கான் வெட்டு என்பது கவ்வாத்து (தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) மாதிரி ஒரு தனி வேலை, அதற்கென்று கைதேர்ந்த ஆட்கள் இருப்பார்கள். கவ்வாத்துக் குச்சியும் மண்ணும் விழுந்து கான் அடைத்தால் தண்ணீர் தேங்கி மேல் நிரைக்கு ஏறும், நாறும். இந்த நோயில் நடப்பதும் ஏறக்குறைய அதேதான்.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீட்டரிலிருந்து ஒரு லீட்டர் வரை பித்தம் சுரக்கிறது. அது கான் வழியாகச் சிறுகுடலுக்கு இறங்கும்போது, குடலிலிருந்து மேலே ஏறப் பார்க்கும் கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகும். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு கல் நடுவில் சிக்கினால் ஓட்டம் நிற்கிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது, ஈ கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் பக்டீரியாக்கள் தேங்கிய பித்தத்தில் பெருகி இரத்தத்துக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. உடம்பு உதறுவது அதனால்தான். கல்தான் பெரும்பாலும் காரணம். கான் சுருங்கிப்போவது, கட்டி, முன்பு வைத்த குழாய் அடைத்துக்கொள்வது, இவையும் உண்டு. குடலில் இருக்கும் வட்டப்புழு கானுக்குள் ஏறி அடைப்பதும் உண்டு. குடற்புழு மருந்து குடிக்கச் சொல்லி நச்சரிக்கும் மருத்துவிச்சியை இனி யாரும் திட்ட வேண்டாம்.

என் அம்மாவுக்கு வந்தபோது குளிர்காய்ச்சல்தான் முதலில். மலைநாட்டில் நடுக்கம் கண்டால் யார் பெரிதாக எடுக்கிறார்கள்? கம்பளியைப் போர்த்தி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றார், வாயு என்றோம். மூத்திரம் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேத்தண்ணி) நிறத்தில் போய், கண் மஞ்சளான பிறகுதான் வண்டி பிடித்தோம். காய்ச்சல், வலி, மஞ்சள் என்ற இந்த மூன்றையும் 1877இலேயே பிரெஞ்சு மருத்துவர் சார்கோ சேர்த்துச் சொல்லிவிட்டார். மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாக வருவதில்லை என்பதையும் பிரசுரத்தில் போட வேண்டும். 1959இல் ரெனால்ட்ஸ் என்பவர் இன்னும் இரண்டைச் சேர்த்தார்: இரத்த அழுத்தம் விழுவது, புத்தி தடுமாறுவது. அந்தக் கட்டத்தில் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் வரிசையில் நிற்க நேரமில்லை. அன்டிபயோட்டிக் ஏற்றி, அடைப்பையும் திறந்துவிட வேண்டும், மருந்து மட்டும் போதாது.

அம்மா பிழைத்தார். ஆனால் வார்ட்டில் ஒருவர் வாயால் சொன்ன அழற்சி அவர் காதில் அலர்ஜியாக விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கருவாட்டைத் தொடவில்லை. எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் விடவில்லை! சிரிக்கலாம்தான், ஆனால் நம்முடைய சொல் செய்த வேலை அது.

> அப்படியானால் அழற்சியையும் தூக்கிவிட்டு வேக்காடு என்று போடுங்களேன்.

மட்டக்களப்பு அக்கா, எனக்கும் அந்தச் சொல்லில் ஆசைதான். ஆனால் ஈரல் அழற்சி, பித்தப்பை அழற்சி என்று ஒரு வரிசை இருக்கிறது. இதை மட்டும் பிரித்தால் அகராதிக்காரர் அடிக்க வருவார். அதோடு பித்தப்பை அழற்சியையும் இதையும் ஒன்றென்று நினைப்பவர் ஏராளம். பையும் கானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். தலைப்பில் அழற்சியை வைத்து, முதல் வரியிலேயே ‘கான் வெந்து வீங்குவது, இது அலர்ஜி இல்லை’ என்று எழுதிவிடுகிறேன். உங்கள் வேக்காட்டில் பாதி உள்ளே வந்துவிட்டது.

இழையில் வந்த, பித்தக்கான் அடைப்புக் காய்ச்சல் என்ற யோசனை காதுக்கு நன்றாக இருக்கிறது, கல்லால் திடீரென்று வருவதற்குப் பொருந்தும். கொலஞ்சைட்டிஸின் மற்ற வகைகளுக்குப் பொருந்தாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கான்களை மெல்ல அரிக்கும் ஒரு வகை உண்டு, பெண்களுக்குத்தான் அதிகம். அதில் பல நாள் அரிப்பும் களைப்பும்தான் முதலில் தெரியும், காய்ச்சலைக் காணோம். அந்த வகையின் பெயரில் முன்பு ஈரல் சுருக்கம் என்று பொருள்படும் சொல் இருந்தது. பலருக்கு ஈரல் சுருங்கியிருக்கவே இல்லை, ஆனாலும் அது குடியால் வருவது என்று எண்ணி ஊர் அவர்களைக் குடிகாரராகப் பார்த்தது. நோயாளிகள் முறையிட்டு, 2015இல் மருத்துவ உலகம் அதைக் கொலஞ்சைட்டிஸ் என்று மாற்றியது. ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்ட நண்பருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கானின் சுவரே தடித்து இறுகி, இடையிடையே முடிச்சுப் போட்டதுபோல் ஒடுங்கும் வகைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. பெருங்குடல் புண் நோய் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுவது. ‘முதன்மை வன்மையாக்கப் பித்தக்கான் அழற்சி’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார். படித்து முடிப்பதற்குள் கிளினிக் மூடிவிடும். ‘கான் இறுக்க அழற்சி’ என்று நான் போட்டுப் பார்த்தேன், அதுவும் அரைகுறைதான், பித்தம் விட்டுப்போகிறது. ‘இறுகு பித்தக்கான் அழற்சி’ எப்படி இருக்கிறது? வினைத்தொகை பிடிக்காதவர்கள் வேறொன்று சொல்லுங்கள்.

அப்புறம், மஞ்சள் காமாலை, செங்கமாரி இரண்டையும் போடுகிறேன். வடக்கிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தாதிமார் செங்கமாரி என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இறுகு பற்றி மட்டும் அதற்குள் யாராவது எழுதுங்கள்.