மறு: கண்டிஷனல் நாக்கவுட் – 'தெரிநீக்கம்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மரபணுவை உடல் முழுவதும் எடுக்காமல், வேண்டிய செல்லிலோ வேண்டிய நேரத்திலோ மட்டும் நீக்குவதை ஆங்கிலத்தில் கண்டிஷனல் நாக்கவுட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை 'நிபந்தனை நீக்க'த்தில் வந்து நிற்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. நிபந்தனை என்றதும் ஜாமீன் உத்தரவுதான் ஞாபகம் வருகிறது. ஆய்வகத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம்.

சுண்டெலியின் எல்லாச் செல்லிலும் ஒரு மரபணுவை எடுத்துவிடுவது பழைய முறை. அதில் சில சமயம் குட்டியே தங்காது. நரம்பணுவில் வேதிச் செய்தியை வாங்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அவற்றில் என்எம்டிஏ என்ற ஏற்பிக்கு இன்றியமையாத என்ஆர்1 மரபணுவை அப்படி எடுத்தபோது குட்டிகள் பிறந்த கையோடு இறந்தன. இறந்த குட்டியிடம் என்ன நடத்தையைப் பார்ப்பது? 1996-இல் சுசுமு டொனெகாவாவின் ஆய்வகம் அதே மரபணுவை நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், சிஏ1 என்ற இடத்து நரம்பணுக்களில் மட்டும் நீக்கியது. எலிகள் வளர்ந்தன. ஆனால் கலங்கல் நீர்த்தொட்டியில் முங்கியிருக்கும் மேடை எந்தப் பக்கம் என்று கற்றுக்கொள்ளத் திணறின.

செய்முறை இதுதான். மரபணுவின் இரு பக்கமும் லாக்ஸ்பி என்ற 34 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட தொடரை வைக்கிறார்கள். க்ரீ என்ற நொதி வந்தால் நடுவில் இருப்பதை வெட்டி எடுத்துவிடும். நொதி எந்த வகைச் செல்லில் உண்டாகிறதோ அங்கு மட்டும் மரபணு போகும். செல் அப்படியே இருக்கும். டாமோக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்தால் மட்டும் வேலை செய்யும் க்ரீயும் உண்டு. அதை வைத்து, வளர்ந்த எலியிலும் வேண்டிய நேரத்தில் நீக்கலாம்.

எந்தச் செல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மன அழுத்தத்தோடு தொடர்புள்ள சிஆர்ஹெச்ஆர்1 ஏற்பியை முன்மூளையில் குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் எடுத்தால் எலிக்குப் பதற்றம் குறைகிறது. டோபமின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் எடுத்தால் கூடுகிறது. ஒரே மரபணு, விளைவோ நேரெதிர்! சிபி1 என்ற கஞ்சா ஏற்பியும் இப்படித்தான். பட்டினி போட்ட எலிக்கு உணவு வைத்தால், குளுட்டமேட் வகை நரம்பணுக்களில் ஏற்பி இல்லாத எலி குறைவாகத் தின்கிறது. காபா என்ற தணிக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் வகையில் இல்லாத எலி அதிகமாகத் தின்கிறது. முழு எலியிலும் எடுத்திருந்தால் இந்த இழுபறி வெளியே தெரிந்தே இருக்காது.

இனி, இழையில் நண்பர்கள் முன்வைத்த சொற்கள். 'செல்நீக்கம்' வேண்டவே வேண்டாம். கும்பகோணத்தில் தமிழ்வழி விலங்கியல் மாணவர்களுக்கு அதைச் சொல்லிப் பார்த்தேன். விடைத்தாளில் ஒரு பையன், 'டோபமின் செல்களைப் பிடுங்கியதால் எலி பயந்தது' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, சொல் அப்படி.

திருவாரூர் நண்பர் தந்த 'மடையடைப்பு' காதுக்கு இனிமை. கல்லணையை மூடாமல் ஒரு வயலின் மடையை மட்டும் அடைப்பது இங்கே யாருக்கும் புரியும். ஆனால் அடைத்த மடையைச் சாயங்காலமே திறக்கலாம். வெட்டிய மரபணு திரும்பாது. ஏற்பியை மருந்தால் தடுப்பதற்கு வேண்டுமானால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை 'தெரிநீக்கம்'. தெரிந்தெடுத்து நீக்குவது. செல்லைத் தெரிந்தால் இடத்தெரிநீக்கம், நேரத்தைத் தெரிந்தால் காலத்தெரிநீக்கம். 'கண்ணுக்குத் தெரியும் நீக்கம்' என்று ஒருவர் படிக்கலாம்தான். 'தெரிவுநீக்கம்' என்றாலோ தெரிவையே நீக்கியதாகிவிடும். அதற்கு இது தேவலை.

பழைய முறைக்கு 'முழுநீக்கம்' போதும். 'பிறவிநீக்கம்' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரி. ஆனால் மயிலாடுதுறைப் பக்கம் போய் அதைச் சொன்னால் எலி நினைவு யாருக்கும் வராது, தருமபுரம் ஆதீனம்தான் வரும்!

அப்புறம் ஒன்று. இரு பக்கமும் லாக்ஸ்பி வைத்த மரபணுவை ஆங்கிலத்தில் ஃப்ளாக்ஸ்டு என்கிறார்கள். க்ரீ வரும்வரை அது வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கும், எல்லை மட்டும் குறித்தாயிற்று. 'வரப்பிட்ட மரபணு' எனலாமா? மாற்று இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.