மாமாவின் நினைவைக் காப்பது எப்படி?

கேள்வி:
என் தாய்மாமா மறைந்து 3 மாதங்கள் ஆகின்றன. நான் மிதிவண்டி பழகியபோது, பின்னிருக்கையைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவந்து தைரியம் சொன்ன அவருடைய குரல், மெல்ல மறந்துபோகுமோ என்று அஞ்சுகிறேன். அதை எவ்வாறு காப்பது?

மறுமொழி 1:
ஆழ்ந்த இரங்கல். அவர் அனுப்பிய குரல் செய்திகள் கைப்பேசியை மாற்றும்போது அழிந்துவிடக்கூடும் என்பதால், இன்றே வெவ்வேறு 2 இடங்களில் படியெடுத்து வையுங்கள். என் சித்தப்பாவின் குரலை நான் அப்படித்தான் இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மறுமொழி 2:
உங்கள் அம்மாவிடம் அவர்களுடைய சிறுவயதைக் கேட்டு எழுதுங்கள். உடன்பிறந்தவரைப் பற்றிப் பேச அவரும் ஏங்கிக்கொண்டிருப்பார்.

கேட்டவர்:
நன்றி. பழைய பதிவு ஒன்று கிடைத்தது. "பத்திரமாப் போய்ச் சேர்ந்தியா கண்ணு?" என்கிறார். அம்மாவும் நானும் சேர்ந்து கேட்டோம்.