ஐஸ்லாந்து போகிறோம், சாப்பாடுதான் கவலை

கோத்தகிரிக்காரி: செப்டம்பரில் நானும் மகளும் ஐஸ்லாந்தின் தென்கரைக்குப் போகிறோம். மீன், ஆட்டுக்கறி சரி. அங்கே பாரம்பரிய உணவாகத் தரும் அந்த அழுகிய (புளிக்கவைத்த) சுறாவை நினைத்தால்தான் பயம். ஊட்டிக் குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் போதுமா?

குன்னூர்வாசி: ஸ்வெட்டரை விடுங்கள் அக்கா, காற்றைப் பாருங்கள். கார் கதவைத் திறந்தேன், காற்று பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. என் காப்பீட்டில் அது சேராதாம்! மழைக்கோட்டு கட்டாயம். ரெய்னிஸ்ஃபியாரா என்ற கருமணல் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், அலை சொல்லாமல் ஏறிவரும். ஸ்கோகாஃபாஸ் அருவி 60 மீட்டர். நம் கோத்தகிரி கேத்தரின் அருவி அதைவிட உயரம்தான், ஆனால் அங்கே அடிவாரம்வரை சமதரையில் நடந்துபோய் நனையலாம். சுறா ஒரு துண்டு போதும், அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். அதைவிட லாய்கர்வாட்ன் ஏரிக்கரைக்குப் போங்கள். பூமிச்சூட்டில் கொதிக்கும் மணலில் பானையைப் புதைத்து, 24 மணி நேரம் கழித்துத் தோண்டி எடுக்கும் ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) ரொட்டி. வெல்லம் போட்ட மாதிரி இனிப்பு, மேலே வெண்ணெய். இன்னும் நாக்கில் நிற்கிறது.

கோத்தகிரிக்காரி: மகளுக்குத் தயிர் இல்லாமல் ஆகாதே?

வர்க்கி பிரியன்: ஸ்கீர் என்று கேளுங்கள். ஆடை நீக்கிய பாலில் செய்வது, கரண்டி நிற்கும் கெட்டி. நான் எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டேன், பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். அப்புறம், அங்கே கடைச் சாப்பாடு யானை விலை. இரண்டு பாக்கெட் நம் ஊட்டி வர்க்கி பிஸ்கட் எடுத்துப்போங்கள்.