பெரிய வீட்டுப் பிள்ளைகள் குழு: நீனோவுக்கு இடம் உண்டா?

கவின்: யாராவது முழித்திருக்கிறீர்களா? ஸ்விட்ச்சில் ஃபயர் எம்பிளம் ‘பிளேசிங் பிளேட்’ ஆடிக்கொண்டிருக்கிறேன். நாயகன் எலிவுட்டின் கதை. இளவரசன் செஃபியலைக் காப்பாற்றும் அத்தியாயத்தின் நடுவில் இருக்கிறேன்.

கவின்: நீனோ என்று ஒரு சின்னப் பெண் சேர்ந்தாள். லெவல் 5 மேஜ் (மந்திரவாதி). என் ஆட்களில் பாதிப் பேர் மேல் வகுப்புக்குப் போகும் ப்ரொமோஷனையே முடித்துவிட்டார்கள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மதி அக்கா: உயிரோடு வைத்திரு. அது போதும்.

யாழினி: அக்கா!!! இது அநியாயம்

யாழினி: கவின் அண்ணா, நம்பாதே. அந்த ஆட்டத்திலேயே சிறந்த மேஜ் நீனோதான். நெட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

சரோஜா அத்தை: நீனோ யார்? நம் பக்கத்துப் பெண்ணா?

கவின்: இல்லை அத்தை, வீடியோ கேம். கட்டம் போட்ட மேப்பில் படையை நகர்த்திச் சண்டை போட வேண்டும். நம் முறை, எதிரி முறை என்று மாறி மாறி வரும். செத்தவர் திரும்ப வர மாட்டார்.

சரோஜா அத்தை: ராத்திரியில் பேசுகிற பேச்சா இது. சரி, நடத்துங்கள்.

மதி அக்கா: யாழினி, நெட்டில் சொல்வது பொய் இல்லை. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார். நீனோவின் க்ரோத் மாயத்தில் 50 சதவீதம், வேகத்தில் 60. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு புள்ளி ஏற அந்த அளவு வாய்ப்பு. உன் பழைய மேஜ் எர்க்குக்கு அதுவே 40, 50. இரண்டு பேரையும் லெவல் 20-இல் நிறுத்தினால் சராசரியாக அவள் மாயத்தில் இரண்டு, வேகத்தில் மூன்றுக்கு மேல் கூடுதலாக இருப்பாள். அதுவரை சரி.

மதி அக்கா: ஆனால் லெவல் 20 நீனோவை யாரும் உனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தது லெவல் 5 நீனோவை. எர்க் இத்தனை அத்தியாயம் உழைத்திருக்கிறான். அவன் கொன்ற எதிரிகள், அவனால் மிச்சமான டர்ன்கள் எல்லாம் அவன் கணக்கில் இருக்கின்றன. அவளுக்கு மிச்சம் இருப்பது விரல் விட்டு எண்ணும் அளவு அத்தியாயங்கள்தான்.

கவின்: ஆனால் ஒவ்வொரு கொலைக்கும் நிறைய எக்ஸ்பீரியன்ஸ் வருமே. எதிரி லெவல் அதிகம், இவள் லெவல் குறைவு.

மதி அக்கா: வரும். ப்ரொமோஷன் ஆன எதிரி ஒருவனைக் கொன்றால் ஏறக்குறைய ஒரு முழு லெவலே ஏறும். அதில் சண்டை இல்லை. அவனை அவள் எப்படிக் கொல்வாள் என்பதுதான் கேள்வி. மாயம் 7. ஃபயர் மந்திரப் புத்தகத்தின் பலம் 5. ஆக 12. அதில் எதிரியின் ரெஸிஸ்டன்ஸை, அதாவது மாயத்தைத் தாங்கும் எண்ணை, கழி. மிச்சத்தில் எவன் சாவான்? நீதான் மற்றவர்களை வைத்து அவனைச் சாகும் நிலைக்கு அடித்து, கடைசி அடியை மட்டும் அவளுக்கு விட வேண்டும்.

யாழினி: அதைவிடப் பலமான எல்ஃபயர் புத்தகம் கொடுக்கலாம். அவளால் பிடிக்க முடியும்.

மதி அக்கா: கொடு. அப்புறம் வேகத்தைப் பார். எல்ஃபயரின் எடை 10. நீனோவின் கான், அதாவது உடல்கட்டு, 3. வித்தியாசம் 7. அதை வேகம் 11-இல் கழித்தால் 4. அந்த அத்தியாயத்தில் வருகிற கிட்டத்தட்ட எல்லோரும் அவளை இரண்டு முறை அடிப்பார்கள். உயிர் 19, டிஃபென்ஸ் 4. தாக்குதல் 14 உள்ள ஒருவன் இரண்டு அடி அடித்தால் 20. கதை முடிந்தது.

கவின்: ஐயோ. நான் எல்ஃபயரோடுதான் முன்னால் அனுப்பியிருக்கிறேன்

ரவி சித்தப்பா: என்ன, ஒரு குழந்தையை இப்படிக் கரித்துக் கொட்டுகிறாய்? கடைசிப் பந்திக்கு வந்தவருக்கும் இலை போட வேண்டும் மதி.

மதி அக்கா: இலை போடலாம் சித்தப்பா. பரிமாறச் சொல்ல முடியாது.

ரவி சித்தப்பா: 😄

மதி அக்கா: இப்போது பெண்ட்டைப் பார். அவனும் தாமதமாக வருபவன்தான், நீனோவுக்குக் கொஞ்சம் முன்னால். சேஜ், அதாவது ப்ரொமோஷன் முடித்த மேஜ், லெவல் 6. மாயம் 18, வேகம் 17. எல்ஃபயர் எடுத்தாலும் வேகம் 15 நிற்கும், தாக்குதல் 28. மந்திரக்கோல் ரேங்க் ஏ. அவனுக்காக நீ செலவழித்தது பூஜ்யம். நீனோவை லெவல் 20 வரைக்கும் தூக்கி வந்தாலும் ப்ரொமோஷனுக்கு முன் சராசரி மாயம் 14 அல்லது 15. பதினைந்து லெவல் சோறு ஊட்டி, பெண்ட் கதவைத் தட்டிய நாளில் இருந்த இடத்துக்குக்கூட மாயத்தில் வந்து சேரவில்லை.

மதி அக்கா: அதனால் தாமதமாக வருபவர் எல்லோரும் தண்டம் என்று நான் சொல்லவே இல்லை. வரும்போதே வேலை செய்கிறாரா, இல்லை வேலை வாங்குகிறாரா என்று பார்க்கிறேன்.

இளங்கோ: வந்துவிட்டேன். முழுவதும் படித்தேன். மதி சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

மதி அக்கா: வா. உன்னைத்தான் காணோமே என்று பார்த்தேன்.

இளங்கோ: நீ டர்ன் கணக்கு மட்டும் பார்க்கிறாய். இந்த ஆட்டம் நம்மை ஐந்து விதமாக அளக்கிறது. டாக்டிக்ஸ் (எத்தனை டர்ன்), சர்வைவல் (எத்தனை பேர் பிழைத்தார்கள்), ஃபண்ட்ஸ் (சொத்து), எக்ஸ்பீரியன்ஸ், காம்பாட் (சண்டை). எக்ஸ்பீரியன்ஸ் ரேங்க் என்பது படை மொத்தமும் எவ்வளவு சம்பாதித்தது என்பது. ப்ரொமோஷன் முடித்த உன் பெண்ட் ஒருவனைக் கொன்றால் சில்லறைதான் விழும். அதே ஆளை நீனோ கொன்றால் ஏறக்குறைய 100. ரேங்க்குக்காக ஆடுபவனுக்கு அவள் கடைசி நேரத்தில் வந்த உண்டியல்.

மதி அக்கா: காம்பாட், டாக்டிக்ஸ் இரண்டும் அடிபடுமே. அவளுக்கு ஊட்ட ஊட்ட டர்ன் ஏறும்.

இளங்கோ: ஏறும். ஆனால் அதுதான் அந்த முறையின் அழகு. ஒன்றை இழுத்தால் இன்னொன்று தளரும். ஃபரீனாவை எடுத்துக்கொள். இன்னொரு நாயகன் ஹெக்டரின் கதையில் மட்டும் வருவாள், கூலி 20,000 பொற்காசு. பறக்கிற யூனிட், லெவல் 12, அப்படியொன்றும் மோசம் இல்லை. சாதாரணமாக ஆடினால் காசு எதற்கு இருக்கிறது, கொடுத்து எடுத்துக்கொள் என்பேன். ரேங்க் ஆடினால் அந்த 20,000 ஃபண்ட்ஸில் பெரிய ஓட்டை. ஆள் அதே ஆள், மதிப்பு தலைகீழ்.

மதி அக்கா: இதை ஒப்புக்கொள்கிறேன். எதற்காக ஆடுகிறோம் என்று முதலில் சொல்லாமல் யூனிட்டுக்கு மார்க் போட முடியாது.

மதி அக்கா: ஆனால் கவின் ரேங்க்குக்காக ஆடவில்லை. முதல் முறை ஆடுகிறான். அவனுக்கு வேண்டியது கடைசி அத்தியாயத்தைத் தாண்டுவது.

கவின்: ஆமாம் 🙏

யாழினி: எனக்கு ஒன்று புரியவில்லை. ஜெயிக்க உதவ மாட்டாள் என்றால் கேம் செய்தவர்கள் ஏன் அப்படி ஒரு ஆளை வைக்கிறார்கள்?

மதி அக்கா: பழைய வழக்கம். 1990-இல் ஃபேமிகாமில் வந்த முதல் ஃபயர் எம்பிளத்திலேயே எஸ்ட் என்று ஒருத்தி உண்டு. பெகசஸ் சகோதரிகள் மூவரில் கடைசி. தாமதமாக வருவாள், லெவல் குறைவு, வளர்ச்சி அபாரம். அவளை வைத்தே ரசிகர்கள் இப்படிப்பட்டவர்களை ‘எஸ்ட்’ என்கிறார்கள். அதே ஆட்டத்தில் ஜேகன் என்ற வயதான குதிரைவீரர் எஸ்டுக்கு நேர் எதிர்: முதலிலேயே வலுவாக வருவார், வளரவே மாட்டார்.

இளங்கோ: அதனால்தான் பாதிப் பேர் இந்த ஆட்டத்தின் ஜேகனான மார்கஸை ஓரமாக உட்கார வைக்கிறார்கள். எக்ஸ்பீரியன்ஸைத் திருடுகிறாராம்!

மதி அக்கா: அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாலடின், உயிர் 31, பலம் 15. ஆரம்ப அத்தியாயங்களில் தனியாளாகப் பாதை போட்டுக் கொடுப்பார். அவரை உட்கார வைத்துவிட்டு லெவல் 5 பெண்ணுக்குப் படையே காவல் நிற்கிறது. கேட்டால் ‘அவளுக்கு எதிர்காலம் இருக்கிறது’. ஆட்டம் முடியும்போது எதிர்காலத்தை வைத்து என்ன செய்வது?

யாழினி: அப்போ அடுத்த ஃபயர் எம்பிளம், சேக்ரட் ஸ்டோன்ஸில் அமீலியா? அவளையும் திட்டுவீர்களா?

மதி அக்கா: அது வேறு கதை. அங்கே வால்னி கோபுரம் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் போய் அரக்கர்களை அடித்து லெவல் ஏற்றலாம். நேரம் வரம்பில்லாமல் கிடைத்தால் யார்தான் ஆளாக மாட்டார்கள்? கோபுரத்தைத் தொடாமல் ஆடினால் அமீலியாவும் நீனோ வழிதான். லெவல் 1, பலம் 4. ராஸ் மட்டும் விதிவிலக்கு. அவனும் அதே பயிற்சி வகுப்புத்தான், ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறான். ஆட்டம் முழுவதும் அவனுக்கு முன்னால் கிடக்கிறது.

இளங்கோ: இவர்களுக்கெல்லாம் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். 2002-இல் ஜப்பானில் வந்த ‘பைண்டிங் பிளேட்’. அதில் சோஃபியா. 14-ஆம் அத்தியாயம், முழுக்கப் பாலைவனம், லெவல் 1 ஷாமன் (இருள் மந்திரவாதி). ஆனால் அவள் சாகாமல், 25 டர்னுக்குள் அத்தியாயத்தை முடித்தால்தான் அடுத்த துணை அத்தியாயம் திறக்கும். ஃபோர்பிளேஸ் என்ற பெரிய மந்திரப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது. அவள் யூனிட்டே இல்லை, சரக்குப் பெட்டி. தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கவின்: 😂😂

யாழினி: அண்ணா சிரிக்காதே

சரோஜா அத்தை: மதி, நாளைக்கு கேஸ் சிலிண்டர் வரும், வீட்டில் யாராவது இருங்கள்.

மதி அக்கா: சரி அத்தை, நான் இருக்கிறேன்.

மதி அக்கா: பலவீனமாக இருந்தும் பயன்படுகிற ஆள் ஒருவரைச் சொல்லட்டுமா? ரெனோ. கவினுக்கு இனிமேல்தான் வருவார், ஏறக்குறைய ஆட்டம் முடியும் வாசலில். லெவல் 16 பிஷப், மாயம் வெறும் 12. அந்த லெவலுக்கு வெட்கக்கேடு. அவரைச் சண்டைக்கு அனுப்பினால் சிரிப்பார்கள். ஆனால் ஃபிஸிக் கோலின் தூரம் மாயத்தில் பாதி. ஆறு கட்டம் தள்ளி நின்று ஒருவனைக் குணப்படுத்துவார். அதற்கு அவர் யாரையும் கொல்ல வேண்டாம், யாரும் அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம். கோல் பிடிப்பவர்கள், பறப்பவர்கள், பூட்டுத் திறப்பவர்கள் ஆகியோருக்கு எண்கள் குறைந்தாலும் வேலை இருக்கும். வெறும் அடிக்கிற ஆளுக்கு எண் ஒன்றுதான் சொத்து. நீனோ ப்ரொமோஷன் ஆகும்வரை அடிக்கிற ஆள்.

கவின்: ப்ரொமோஷன் ஆனால் கோல் பிடிப்பாளே?

மதி அக்கா: பிடிப்பாள். ப்ரொமோஷனுக்குக் கைடிங் ரிங் என்ற மோதிரம் வேண்டும். எத்தனை வைத்திருக்கிறாய்?

கவின்: ஒன்று. என் துறவி லூசியஸ் லெவல் 18-இல் காத்துக்கொண்டிருக்கிறான்.

சரோஜா அத்தை: எந்த மோதிரம்? யாருடையது?

ரவி சித்தப்பா: கேம் மோதிரம் அக்கா. நீங்கள் தூங்குங்கள்.

இளங்கோ: லூசியஸுக்குப் போடு. இதில் நானும் மதியும் ஒரே கட்சி.

யாழினி: உங்களுக்கெல்லாம் கதையே முக்கியம் இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மந்திரத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். எர்க்கோடு சப்போர்ட் உரையாடல் படித்துப் பாருங்கள். வளர்த்தவள் ஒரு நாள்கூடப் பாசமாக இருந்ததில்லை. எல்லோரும் ஒதுக்கிய பெண்ணை நாமும் மூலையில் நிறுத்த வேண்டுமா?

இளங்கோ: ஸ்பாய்லர் சொல்லாதே, கவின் இன்னும் முடிக்கவில்லை.

மதி அக்கா: யாழினி, இது நல்ல காரணம். ‘அவளைப் பிடிக்கும், அதனால் வளர்க்கிறேன்’ என்று சொல், நான் வாயே திறக்க மாட்டேன். நானே ஒரு முறை அவளைக் கடைசி வரை கொண்டுபோயிருக்கிறேன், ஜாஃபர் என்ற வீரனோடு நட்பின் உச்சமான ஏ சப்போர்ட் வரை. ‘சிறந்த மேஜ்’ என்று சொன்னால்தான் கணக்கைக் கேட்பேன்.

யாழினி: நீங்களும் வளர்த்தீர்களா!! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்

மதி அக்கா: கேட்டது கவின், நீ இல்லையே.

யாழினி: எனக்கு அவள் சிறந்த மேஜ்தான். சரி, கணக்கில் இல்லை.

இளங்கோ: கவின், அவளைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தால் எல்ஃபயரைப் பிடுங்கிவிடு. ஃபயர் மட்டும். எடை 4, வேகம் 10 நிற்கும். இரும்புக் கவசம் போட்ட நைட்கள்தான் அவளுக்குச் சரியான இரை, ரெஸிஸ்டன்ஸ் அவ்வளவாக இருக்காது. கான் 3 என்பதால் யார் வேண்டுமானாலும் அவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகலாம், அது ஒரு லாபம்.

கவின்: மார்கஸ் பக்கத்தில்தான் இருக்கிறார். அடுத்த டர்னில் தூக்கச் சொல்கிறேன்.

மதி அக்கா: அடுத்த டர்னா? இந்த டர்ன் முடிந்துவிட்டதா?

கவின்: இல்லை, என் முறைதான். ஆனால் மார்கஸ் ஏற்கெனவே நகர்ந்துவிட்டார்.

மதி அக்கா: அந்த அத்தியாயத்தின் தலைவி உர்சுலா. அவளிடம் போல்டிங் என்ற மின்னல் மந்திரம் இருக்கிறது. 3 கட்டத்திலிருந்து 10 கட்டம் வரை பாயும்.

யாழினி: அண்ணா நீனோ எங்கே நிற்கிறாள்???

கவின்: எண்ணிக்கொண்டிருக்கிறேன்

கவின்: ஒன்பது