சென்னைப் பதிவேடும் குளோபோகானும்: எதை எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கச்சா விகிதத்தை (மொத்த நோயாளிகளை மொத்த மக்கள்தொகையால் வகுத்தது), உலகப் புற்றுநோய் மதிப்பீட்டுத் தொகுப்பான குளோபோகான் 2022-இன் வயது சீராக்கிய உலக விகிதத்தோடு ஒப்பிட்டேன். இடைவெளி பெரிதாக வருகிறது. எங்கே பிசகு?

பதில் 1: கச்சா விகிதத்தை வயது சீராக்கிய விகிதத்தோடு ஒப்பிடவே கூடாது. முதியோர் அதிகமுள்ள நாட்டில் கச்சா விகிதம் தானாகவே ஏறும். ஐந்தைந்து வயதுப் பிரிவாக, நோயாளி எண்ணிக்கையை அந்தப் பிரிவின் மக்கள்தொகையால் வகுத்து, 1,00,000ஆல் பெருக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் சேகி உலக மக்கள்தொகை எடையால், அதாவது ஒப்பீட்டுக்கென வகுத்த மாதிரி மக்கள்தொகையில் அந்த வயதினரின் பங்கால், பெருக்கி (0–4க்கு 12,000, 50–54க்கு 5,000, 85-உம் அதற்கு மேலும் 500), கூட்டுத்தொகையை 1,00,000ஆல் வகுங்கள். ஆண், பெண் தனித்தனியாக.

பதில் 2: அதோடு, குளோபோகான் எண்ணிக்கை அல்ல, மதிப்பீடு. சென்னைப் பதிவேட்டில் ஊழியர்கள் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் நேரில் போய்த் திரட்டுகிறார்கள். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவரைச் சேர்க்கக் கூடாது. நோயாளி ஓராண்டாவது பதிவேட்டின் எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு மருத்துவமனைகளில் வெவ்வேறு எழுத்தில் பதிவாவதுதான் தீராத தலைவலி. பெயரை மட்டும் நம்பாமல் வயது, முகவரி, கட்டியின் இடம் எல்லாம் பாருங்கள்.

பதில் 3: இறப்புச் சான்றிதழால் மட்டுமே தெரியவந்தவர்களின் சதவீதத்தையும் பாருங்கள். அது உயர்ந்தால் உயிரோடிருந்தபோது பலர் விடுபட்டார்கள் என்று பொருள். மிகக் குறைந்தாலும் மகிழ வேண்டாம், இறப்புப் பதிவே ஓட்டையாக இருக்கலாம். குளோபோகானின் பழைய பதிப்புகளை அடுக்கி போக்கு வரையாதீர்கள், முறைகள் மாறியிருக்கின்றன.