ஆட்டோகிளேவில் வைத்த பவுச் ஈரமாகவே வருது, டேப்பும் கறுக்க மாட்டேங்குது: பார்லர், டாட்டூ கடை வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

செல்லூர்_பார்லர்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை செல்லூர்ல பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துறேன். பக்கத்து ரூம்ல என் தம்பி டாட்டூ போடுறான். வாசல் வேற வேற, கை கழுவுற இடமும் சாமான் கழுவுற தொட்டியும் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தாங்க. தொழில் உரிமம் கேட்டாங்க, காட்டினேன். அப்புறம் புருவம் எடுக்கிற நூல், வாக்ஸ் ஹீட்டர், மூக்குல பிளாக்ஹெட் எடுக்கிற கம்பி, தம்பி டாட்டூ மெஷினைப் பிடிக்கிற ஸ்டீல் கிரிப் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டு, "இதெல்லாம் எப்படி சுத்தம் பண்றீங்க"ன்னு கேட்டாங்க. யூவி பெட்டியைக் காட்டினேன். "அது சாமான் எடுத்து வைக்கிற பெட்டி. ரத்தம் படுற சாமானுக்கு ஆவியில கிருமி கொல்ற ஆட்டோகிளேவ் வேணும், ஊசி போடத் தனி டப்பா வேணும்"னு எழுதிக் கொடுத்துட்டு, மறுபடி வருவேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

பெரியாஸ்பத்திரி பக்கம் சர்ஜிக்கல் கடையில கரண்ட்ல ஓடுற சின்ன ஆட்டோகிளேவ் வாங்கியாச்சு. குக்கர் மாதிரி மேல மூடி, ஒரு மீட்டர், ஒரு ஆவி வால்வு. மீட்டர்ல 15 பவுண்ட் அழுத்தம் வருது, 20 நிமிஷம் விடுறோம். ஆனா சாமானைப் போட்டு மூடுற காகித-பிளாஸ்டிக் பவுச்ல ஒட்டின, சூட்டுக்கு நிறம் மாறுற டேப்போட கோடு லேசாப் பழுப்பாகுது, கறுப்பாகலை. பவுச் உள்ளே சொட்டுச் சொட்டாத் தண்ணி நிக்குது. கத்தரிக்கோல்ல வெள்ளையா உப்புப் படியுது. ஊத்துறது போர் தண்ணிதான்.

மெஷின் கோளாறா, நாங்க வைக்கிற விதம் தப்பா? ஊசியை எங்க கொண்டுபோய்ப் போடுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேலூர்_சலூன்:

தங்கச்சி, முதல்ல மூடியில இருக்கிற ரப்பர் கேஸ்கட்டைப் பாருங்க. மூடி ஓரமா ஆவி கசிஞ்சா ஒண்ணும் நடக்காது.

செல்லூர்_பார்லர்:

பார்த்துட்டேன் அண்ணே, புதுசுதான். கசியலை.

கிருமிநீக்க_டெக்னீசியன்:

நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் சாமான்களைக் கிருமி நீக்கம் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.

ஆட்டோகிளேவில் கிருமியைக் கொல்வது சூடான ஈர ஆவி. மூடியவுடன் உள்ளே இருப்பது பாதிக்கு மேல் காற்று. வால்வை அப்போதே அடைத்துவிட்டால் காற்றும் ஆவியும் சேர்ந்து மீட்டரை 15 பவுண்டுக்குத் தள்ளிவிடும். ஆனால் வெப்பம் 121 டிகிரிக்குப் போகாது. மீட்டர் சரியாக இருந்தும் டேப் கறுக்காததற்கு இதுதான் காரணம். வீட்டுக் குக்கரில் ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போடுகிறோம் அல்லவா, அதே முறைதான். வால்வைத் திறந்தே வைத்துச் சூடேற்றுங்கள். ஆவி விட்டு விட்டு வராமல் ஒரே சீராகப் பீறிட ஆரம்பித்த பிறகும் 5 முதல் 10 நிமிடம் விட்டு, அப்புறம் அடையுங்கள். 15 பவுண்டைத் தொட்ட நிமிடத்திலிருந்துதான் நேரத்தை எண்ண வேண்டும். பவுச்சில் போட்ட சாமானுக்கு 20 நிமிடம் போதாது, 30 நிமிடம் விடுங்கள்.

அடுத்து ஈரம். ஈரமான பவுச்சைக் கிருமி நீங்கியதாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஈரக் காகிதம் வழியாக வெளிக்கிருமி உள்ளே ஊறிவிடும். எங்கள் பிரிவில் ஒரு பவுச் ஈரமாக வந்தால் யாரும் வாதாடுவதில்லை, திரும்ப முதலிலிருந்து செய்வோம். பவுச்சை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள். தட்டில் புத்தகம் அடுக்குவதைப் போல நிறுத்தி, இடைவெளி விட்டு, ஒன்றின் காகிதப் பக்கம் அடுத்ததன் பிளாஸ்டிக் பக்கத்தைப் பார்க்கும்படி வையுங்கள். முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். முடிந்ததும் அழுத்தம் தானாக இறங்கட்டும். பிறகு மூடியைச் சற்றே திறந்து, உள்ளிருக்கும் சூட்டிலேயே காயவிடுங்கள். சுடச்சுட வெளியே எடுத்துக் குளிர்ந்த கிரானைட் மேடையில் வைத்தால் உள்ளேயே வியர்த்துவிடும்.

போர் தண்ணீரை நிறுத்துங்கள். நம் ஊர்த் தண்ணீரின் உப்பு சூடேற்றும் கம்பிச்சுருளிலும் படியும், கத்தரிக்கோலிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் கிடைக்கிறது, அதுவே போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன். சாமானைக் கழுவிவிட்டுத்தானே உள்ளே வைக்கிறீர்கள்?

செல்லூர்_பார்லர்:

ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு வைக்கிறோம் சார்.

கிருமிநீக்க_டெக்னீசியன்:

துடைப்பது போதாது. காய்ந்த ரத்தம், தோல் செதில், கிரீம் இவற்றுக்கு அடியில் இருக்கும் கிருமிக்கு ஆவியும் எட்டாது, மருந்தும் எட்டாது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, அலசி, ஈரம் போகத் துடைத்த பிறகே பவுச்சில் போட வேண்டும். கத்தரிக்கோலை விரித்து வையுங்கள், மூடியபடி வைத்தால் கீலுக்குள் ஆவி போகாது. கழுவும்போது தடித்த ரப்பர் கையுறை போடுங்கள், ஃபேஷியலுக்குப் போடும் மெல்லிய கையுறை வேண்டாம். கழுவும் தொட்டியையும் கை கழுவும் இடத்தையும் கட்டாயம் பிரித்துவிடுங்கள். ஆய்வாளர் எழுதாவிட்டாலும் நான் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன்.

டேப் கறுத்தால் சூடு பட்டது என்று மட்டும்தான் தெரியும். சூடு, ஆவி, நேரம் மூன்றும் போதுமா என்று காட்டும் பட்டை தனியாக உண்டு, 'கிளாஸ் 5' இண்டிகேட்டர் பட்டை என்று கேட்டால் தருவார்கள். அதை ஒரு பவுச்சுக்குள் சாமானோடு போட்டு, ஒவ்வொரு முறையும் தேதியுடன் நோட்டில் ஒட்டி வையுங்கள். ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஊசிமை_திருநகர்:

அக்கா, தம்பிக்கு ஒரு யோசனை. ஸ்டீல் கிரிப்பை விட்டுடச் சொல்லுங்க. நான் கார்ட்ரிட்ஜ் (ஊசியோட வர்ற கூடு), கிரிப் எல்லாமே ஒருதடவை உபயோகிக்கிறதுக்கு மாறிட்டேன். செலவு ஏறும், ஆனா கழுவுற தொல்லையே இல்லை. கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது உள்ள சவ்வு இருக்கான்னு பார்த்து வாங்கணும். சவ்வு இல்லாததுல மையும் ரத்தமும் பின்னாடி மெஷினுக்குள்ள ஏறிடும், அப்புறம் ஊசியை மட்டும் மாத்தி என்ன பிரயோஜனம்? கவரைக் கஸ்டமர் கண் முன்னாடி பிரிக்கணும், காலாவதி தேதியையும் அவங்களுக்கே காட்டணும். மெஷின், வயர், ஸ்ப்ரே பாட்டில் மூணுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் புது உறை.

மையைப் பத்தி யாரும் இன்னும் சொல்லலை. கறுப்பு மையில தண்ணி கலந்து ஷேடிங் பண்றோமே, அந்தத் தண்ணி எது? ஆர்.ஓ. தண்ணி சுத்தமானதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. குடிக்கச் சுத்தம்தான், தோலுக்கு அடியில ஏத்த அது பத்தாது. 2011-12ல அமெரிக்காவுல ராச்செஸ்டர் ஊர்ல ஒரே கடையில டாட்டூ போட்ட 19 பேருக்குத் தோல்ல கொப்புளமா வந்து ஆறவேயில்லை. காசநோய்க் கிருமியோட சொந்தக்கார வகை ஒண்ணு, தண்ணியில வாழறது. அங்க கடைக்காரர் சுத்தமாத்தான் வேலை பார்த்திருக்கார். வாங்கின சாம்பல் மை புட்டியிலேயே கிருமி இருந்திருக்கு. அதனால கலக்குறதா இருந்தா மருந்துக்கடையில விக்கிற ஸ்டெரைல் வாட்டர் மட்டும். மைக்கிண்ணத்துல மிஞ்சினதைப் புட்டியில திருப்பி ஊத்தவே கூடாது.

இந்தியாவுல டாட்டூவுக்குன்னு தனியா மத்தியச் சட்டம் கிடையாது. ஐரோப்பாவுல 2022 ஜனவரியிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களை மையில கட்டுப்படுத்தியிருக்காங்க. அதனால லேபிள்ல அந்த விதிக்கு உட்பட்டதுன்னு போட்டிருக்கிற மையைத்தான் நான் வாங்குறேன்.

கிருமிநீக்க_டெக்னீசியன்:

டாட்டூவுக்கு ஒருமுறைச் சாமான் என்பதை முழு மனதாக ஏற்கிறேன். ஆனால் பிளாக்ஹெட் கம்பியையும் நகம் வெட்டும் நிப்பரையும் ஒவ்வொருவருக்கும் புதிதாக வாங்க முடியாது. அதற்கு ஆட்டோகிளேவ் இருந்தே ஆக வேண்டும். யூவி பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். ஒளி நேரே படும் பரப்பில்தான் அது வேலை செய்யும், நிழலுக்கும் கீல் இடுக்குக்கும் எட்டாது. கிருமி நீக்கிய பவுச்சை எடுத்துவைக்க அந்தப் பெட்டி பயன்படும்.

மேலூர்_சலூன்:

ஆம்பளைங்க சலூன் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லிக்கிறேன். பிளேடை ஆளாளுக்கு மாத்துறோம், அது எல்லாருக்கும் பழகிப்போச்சு. ஆனா பிளேடு மாட்டுற கத்தியைக் கழுவுறவங்க கம்மி. வெட்டுப்பட்டா தடவுற படிகாரக் கல்லு அதைவிட மோசம். ஒரே கல்லு, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அத்தனை பேர் ரத்தத்துலயும் ஓடுது. எங்க கடையில கல்லை எடுத்துட்டு, படிகாரத்தைப் பொடிச்சு டப்பாவுல வச்சிருக்கோம். ஒரு சிட்டிகை பஞ்சுல தொட்டு ஒத்தி, பஞ்சைக் குப்பையில போட்டுடுவோம். துண்டும் அப்படித்தான், முகம் துடைச்ச துண்டு வெந்நீருல துவைக்காம அடுத்த ஆளுக்குப் போகாது. படர்தாமரை அதுலயே ஒட்டிக்கும்.

சீப்பு, பிரஷை எல்லாம் சோப்புல கழுவிட்டு ஹைப்போகுளோரைட்ல (பிளீச் தண்ணி) 10 நிமிஷம் ஊறப்போடுவோம். 5 சதவீத பாட்டில்னா ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி, தினம் புதுசாக் கலக்கணும். இரும்புச் சாமானை அதுல ஊறப்போட்டா துரு ஏறிடும். கக்கூஸ் கழுவுற ஆசிட்டோட மட்டும் சேர்த்துடாதீங்க, விஷவாயு வரும். செவ்வாய்க்கிழமை கடை லீவுல்ல, அன்னிக்கு நாற்காலி இடுக்கு முதற்கொண்டு எல்லாத்தையும் கழட்டிக் கழுவிடுவோம்.

தங்கச்சி, நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் புருவம் எடுக்கிற பழக்கம் உங்க கடையில இருந்தா விட்டுடுங்க. எச்சில் பட்ட நூலு அடுத்தவங்க கண்ணு பக்கத்துல போகுது.

செல்லூர்_பார்லர்:

அந்தப் பழக்கம் எங்ககிட்ட இல்லண்ணே, நூலைக் கழுத்துல மாட்டித்தான் எடுக்கிறோம், ஆளுக்கொரு நூல். வாக்ஸ்தான் யோசனையா இருக்கு. ஒரே குச்சியைத் திரும்பத் திரும்ப முக்குறோம்.

செவிலி_திருமங்கலம்:

குச்சியை ஒரு தடவை முக்கித் தடவினதும் போட்டுடுங்கம்மா. வாக்ஸ் தோல் தாங்குற சூட்டுலதான் இருக்கு, அந்தச் சூட்டுல கிருமி சாகாது.

நான் சொல்ல வந்தது உங்களையும் உங்க தம்பியையும் பத்தி. மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) கிருமி காய்ஞ்ச ரத்தத்துல, வெளியில, குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும். தடுப்பூசி போடாத ஒருத்தருக்கு அந்த ரத்தம் பட்ட ஊசி குத்தினா தொத்துற வாய்ப்பு 30 சதவீதம் வரைக்கும் உண்டு. எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம்தான். எல்லாரும் பயப்படுறது எச்.ஐ.வி.க்கு, பக்கத்துல நிக்கிறது காமாலை. அதுக்கு நல்ல தடுப்பூசி இருக்கு: இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. மூணாவது முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சா எதிர்ப்புச் சக்தி வந்துடுச்சான்னு தெரியும். கடையில வேலை பார்க்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும் போட்டு விடுங்க.

தம்பிக்கு ஊசி குத்திட்டா விரலை வாயில வைக்கக் கூடாது, பிதுக்கவும் கூடாது. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பலனில்லை, 28 நாள் சாப்பிடணும். மறுநாள் பார்த்துக்கலாம்னு தூங்கிடாதீங்க.

ரத்ததானம்_கோரிப்பாளையம்:

டாட்டூ போட வர்ற பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிடச் சொல்லுங்க: போட்டதுல இருந்து 12 மாசம் ரத்தம் கொடுக்க முடியாது. முகாமுக்கு ஆசையா வந்துட்டு இது தெரியாம வருத்தப்பட்டுத் திரும்புறவங்களைப் பார்க்கக் கஷ்டமா இருக்கு.

செல்லூர்_பார்லர்:

எல்லாருக்கும் நன்றி. டெக்னீசியன் சார் சொன்னபடி ஆவியை முழுசா வெளிய விட்டுட்டு வால்வை அடைச்சோம். டேப் நல்லாக் கறுத்துடுச்சு, உள்ள வச்ச பட்டையும் பாஸ் ஆகிடுச்சு. பவுச்சை நிறுத்தி வச்சதுல ஈரமும் நின்னுடுச்சு. கழுவுற தொட்டிக்குப் பின்பக்கம் தனிக் குழாய் இழுக்க பிளம்பர் வர்றார். தம்பி கார்ட்ரிட்ஜுக்கு மாறுறதாச் சொல்லிட்டான், தடுப்பூசி முதல் தவணையும் போட்டாச்சு.

ரெண்டு சந்தேகம் பாக்கி. ஊசி டப்பா நிறைஞ்சா யார்கிட்ட கொடுக்கிறது? பெடிக்யூர் டப்பை எப்படி சுத்தம் பண்றது?

கிருமிநீக்க_டெக்னீசியன்:

டப்பா குத்தினால் துளை விழாததாக, வெள்ளையில், மூடி திறக்க முடியாததாக இருக்க வேண்டும். ஊசியை மூடிபோட முயலாமல் அப்படியே உள்ளே போட வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடவே கூடாது, பிரிப்பவர்கள் கையில் குத்தும். உங்கள் தெருவில் உள்ள கிளினிக்கிலோ லேபிலோ மருத்துவக் கழிவு எடுக்க வண்டி வரும். அந்த நிறுவனத்திடம் உங்கள் கடையையும் சேர்த்துக்கொள்ளக் கேளுங்கள். ஆய்வாளர் மறுபடி வரும்போது அந்த ரசீதைக் கேட்பார்.

டப்பில் குமிழி விடும் மோட்டார் இருக்கிறதா?

செல்லூர்_பார்லர்:

இருக்கு சார்.

கிருமிநீக்க_டெக்னீசியன்:

அப்படியானால் தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் உள்ள வலையை இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். 2000-இல் கலிபோர்னியாவில் ஒரு நகப் பராமரிப்புக் கடையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டி வந்தது. கிருமி குடியிருந்தது அந்த வலைக்குப் பின்னால் சேர்ந்த முடியிலும் தோலிலும். தினமும் கழற்றித் தேய்த்து, மேலூர் அண்ணன் சொன்ன அளவில் ஹைப்போகுளோரைட் ஊற்றி, மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அலசிக் காயவையுங்கள். முடிந்தால் மோட்டார் இல்லாத சாதாரண டப்புக்கு மாறிவிடுங்கள், அதைக் கழுவுவது சுலபம். காலில் முடி மழித்த அன்றைக்கு யாருக்கும் பெடிக்யூர் செய்யாதீர்கள்.